மன்னிப்பக்கா சட்டம் படித்த கதை

சரக்கு லாரிக் கம்பெனியில் எல்லா வேலைக்கும் ஒரு பெயர் உண்டு. லோடு ஏற்றுகிறவர், கணக்கு பார்க்கிறவர், வண்டி அனுப்புகிறவர், வண்டி வரவில்லையே என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் என்று ஆளாளுக்கு ஒன்று. அவளுடைய வேலைக்கு மட்டும் பெயர் கிடையாது. போனில் திட்டு வாங்கிக்கொள்வதுதான் அவள் வேலை.

சரக்கு நசுங்கினாலும் நனைந்தாலும் வழி மாறி வேறு ஊருக்குப் போனாலும் சரக்குக்குச் சொந்தக்காரர்களான பார்ட்டிகளின் கோபம் அவளுடைய மேசைக்குத்தான் வரும். அவள் ரிசீவரைக் காதில் வைத்து, கன்னத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்துகிறவரைக் கத்த விடுவாள். நடுநடுவே, "ஆமாங்க", "அய்யய்யோ", "பின்ன கோவம் வராதாங்க" என்று எண்ணெய் விடுவாள். மூச்சு வாங்க அவர் நிறுத்துகிற இடம் பார்த்து, "மன்னிச்சுக்கங்க, எங்க தப்புதாங்க" என்று ஒரு போடு போடுவாள். எப்பேர்ப்பட்ட ஆளும் அதில் சுருண்டுவிடுவார். கத்த ஆரம்பித்தவர்கள் கடைசியில், "சரிம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு முடித்த கதையெல்லாம் உண்டு. கம்பெனியில் அவளுக்கு மன்னிப்பக்கா என்று பேர் விழுந்தது. சம்பளச் சீட்டில் இருக்கிற பேர் அவளுடைய வீட்டுக்காரருக்கே யோசித்தால்தான் வரும்.

அந்த நாற்காலிக்கு அவள் வந்ததே தற்செயலாகத்தான். முதலில் அவள் கவுன்டரில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் போன்காரர் கக்கூசுக்குப் போன நேரத்தில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்ததால் எடுத்தாள். குளியல் தொட்டி ஒன்றைத் தொலைத்துவிட்டு ஒருவர் குதித்துக்கொண்டிருந்தார். போன்காரர் திரும்பி வந்தபோது, அந்த மனிதர் அக்காவின் முட்டிவலிக்கு என்ன தைலம் தடவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் போன்காரர் லேபிள் ஒட்டினார். இன்றுவரை அவர் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மெத்தை கேஸ் வந்தது.

மழையில் தார்ப்பாய் கிழிந்து ஒரு லோடு மெத்தை ஊறிவிட்டது. மெத்தைக்காரர் கெட்டிக்காரர். அக்கா பேசியதையெல்லாம் ரெக்கார்டு செய்து கோர்ட்டில் போட்டுக் காட்டிவிட்டார். "எங்க தப்புதாங்க, நூத்துக்கு நூறு எங்க தப்புதாங்க, உங்க எடத்துல நான் இருந்தா வண்டியையே கொளுத்தியிருப்பேன்" என்று அக்காவின் குரல் உருக்கமாக ஒலித்ததாம். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்று டிரைவர்கள் மத்தியில் பேச்சு. கம்பெனி மண்ணைக் கவ்வியது.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் சரியில்லை என்று அர்த்தம்.

"லாரி லைன்ல இருக்கறவங்களுக்குன்னு சட்ட வகுப்பு ஒண்ணு நடக்குது. வக்கீலுக்குப் படிக்காதவங்களுக்குத்தான். ரெண்டு நாள். கடைசில பரீட்சை வெப்பாங்க. நீங்களும் நம்ம குடோன் கொக்கியும் போங்க."

"எனக்கு எதுக்கு சார் சட்டம்? நான் போன்தானே பேசறேன்?"

"அதனாலதான். பாஸ் பண்ணினா போன் உங்களுது. இல்லன்னா எடை மேடை காலியா இருக்கு."

அக்கா ஜன்னல் வழியாக யார்டைப் பார்த்தாள். எடை மேடை யார்டின் கோடியில் இருக்கிற தகர ரூம். லாரி மேடையில் ஏறும். சின்ன டப்பாவில் சிவப்பாக எண் எரியும். சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். லாரி இறங்கிப் போகும். அங்கே பேச ஆளில்லை. திட்டக்கூட ஆளில்லை. முன்பு அங்கே இருந்தவர் தனியாகப் பேச ஆரம்பித்து, பிறகு தனக்குத்தானே பதில் சொல்லவும் ஆரம்பித்தபோதுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. ஏசி சொட்டுகிற இடத்தில் பக்கெட் வைத்திருந்தார்கள். பல கம்பெனிகளிலிருந்து குடோன்காரர்களும் வண்டி அனுப்புகிறவர்களும் வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் போனும் மாற்றி மாற்றி அலறிக்கொண்டிருந்தது. கொக்கி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு காலத்தில் கிரேனில் கொக்கி மாட்டுகிற வேலை பார்த்தவர். இப்போது குடோன் சூப்பர்வைசர். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற வித்தை தெரிந்தவர்.

வக்கீல் நல்ல மனுஷன். தொண்டை கட்டியிருந்ததால் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசினார். யாரையும் மட்டம் தட்டவில்லை. ஆனால் அவர் சொன்ன முதல் விஷயமே அக்காவின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

"சரக்கு சேதம்னு யாராவது போன் பண்ணினா ஒரு வார்த்தை மட்டும் உங்க வாயிலேர்ந்து வரவே கூடாது. மன்னிப்பு. நீங்க மனசு கேக்காமதான் சொல்வீங்க. ஆனா கேக்கறவன் தப்பை ஒத்துக்கிட்டாங்கன்னு எடுத்துக்குவான். அதுக்குப் பதிலா என்ன சொல்லணும்? உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. எங்கே, எல்லாரும் சொல்லுங்க பாப்போம்."

எல்லாரும் சொன்னார்கள். கொக்கியும் தூக்கத்திலேயே சொன்னார்.

அடுத்து நாடகம் மாதிரி ஒன்று. வக்கீல் பார்ட்டியாக நடிப்பார். இவர்கள் பதில் சொல்ல வேண்டும். அக்காவின் முறை வந்தது.

"என்னம்மா உங்க கம்பெனி? என் கண்ணாடி பீரோ தூள் தூளா வந்திருக்கு!" என்றார் வக்கீல், கட்டிய தொண்டையோடு.

"அய்யய்யோ, மன்னிச்சுக்கங்க."

ஹால் சிரித்தது.

"இன்னொரு தடவை முயற்சி பண்ணுங்க."

"மன்னிச்சுக்கங்க சார், வாய் தவறிடுச்சு."

"இப்பவும் சொன்னீங்க."

"அச்சோ, மன்னி..." என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கொக்கி விழித்துக்கொண்டு, "அக்கா, எடை மேடைல ஃபேன் கிடையாது, ஞாபகம் வெச்சுக்கங்க" என்று காதைக் கடித்தார்.

அன்றைக்கு முழுவதும் அந்தச் சொல் தொண்டைக்குள் மீன் முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வரும்போது அவளுக்கு மண்டை காய்ந்து போயிருந்தது.

வீட்டுக்காரர் லாரி சீட்டுக்கு உறை தைக்கிறவர். கீழே பட்டறை, மேலே வீடு. வீடு முழுக்க ரெக்சின் வாசனை. அவளுக்குத் தலையணையில்கூட அந்த வாசனை அடித்தால்தான் தூக்கம் வரும். அன்று அவருக்கு டீ கொடுக்கும்போது கை தவறி, வெட்டி வைத்திருந்த புது ரெக்சின் மேல் கொட்டிவிட்டது. அவர் துணியைப் பார்த்தார்; பிறகு அவளைப் பார்த்துக் காத்திருந்தார்.

அக்கா நிமிர்ந்து நின்று, "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்றாள்.

"என்னது?"

"பரிசீலித்துப் பதில் அளிக்கப்படும்."

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"பழகிக்கறேங்க. நாளைக்குப் பரீட்சை. நீங்க திட்டுங்க, நான் பதில் சொல்றேன்."

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வாய்ப்பு அவருக்குக் கிடைத்ததில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து ஆரம்பித்தார். அவளுடைய தம்பி வாங்கிக்கொண்டு போன டிரில்லிங் மெஷின் வரைக்கும் வந்தார். அக்கா எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டாள். கடைசியில் அவருக்கே உப்புச்சப்பில்லாமல் போய்விட்டது.

"சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு. இதுக்கு நீ பழைய மாதிரி அழுது தொலைக்கலாம்" என்று ஊசியை எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை டீ நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. அவர்கள் கம்பெனி டிரைவர்.

"அக்கா, இந்த ரொட்டி சுடற ஓவன் டெலிவரி. பேக்கரி அம்மா ஒத்தக் கால்ல நிக்குது. பெட்டியைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுமாம். மரப்பெட்டிக்கா, ஊருப்பட்ட ஆணி அடிச்சிருக்கான். எப்ப பிரிச்சு எப்ப பாக்கறது? பின்னாடி வண்டியெல்லாம் ஹாரன் அடிச்சே கொல்றானுங்க. அடுத்த குடோன்ல வேற கதவச் சாத்திடுவான்."

"போனை அந்த அம்மாகிட்ட குடு."

அந்த அம்மாவை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். பார்த்தது கிடையாது; குரல்தான். வேலையை விட்டுவிட்டு பேக்கரி வைக்கப் போகிறவள். ரொட்டி சுடுகிற பெரிய ஓவன் ஒன்று வெளியூரிலிருந்து வருகிறது. புக் ஆன நாளிலிருந்து, "கிளம்பிடுச்சா, எங்க வருது, மழை இல்லையே?" என்று பிரசவத்துக்குப் போன மகளை விசாரிக்கிற மாதிரி விசாரித்துக்கொண்டே இருப்பாள். கடை திறக்கிற நாளைச் சொல்லி, "நீங்களும் வரணும்" என்றுகூடச் சொல்லியிருந்தாள்.

"அம்மா, நான்தான் பேசறேன். நீங்க எதுக்கு வீணா டென்ஷன் ஆகறீங்க? கையெழுத்தப் போட்டு வண்டிய விட்டுடுங்க. ஆற அமரப் பிரிச்சுப் பாருங்க. ஏதாவது ஒண்ணுன்னா நான் இல்லையா? பாத்துக்கலாம்."

லாரி லைனில் தினமும் ஆயிரம் பேர் சொல்கிற வார்த்தை அது. வண்டி நகர்ந்தால் போதும் என்பதற்காகச் சொல்வது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. சொல்லப்போனால் எந்த எண்ணத்திலும் சொல்வதில்லை.

"நீங்க சொல்றீங்கன்னுதான் போடறேன்" என்றாள் அந்த அம்மா.

அக்கா போனை வைத்ததும் கொக்கியிடம் பெருமையாகச் சொன்னாள். "பாத்தியா? முழுசாப் பேசி முடிச்சேன். ஒரு மன்னிப்புகூட வரல."

டீ முடிந்து உள்ளே போனார்கள். வக்கீல் ஒரு டெலிவரி சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"சரக்கு எறக்கும்போது பார்ட்டி இதுலதானே கையெழுத்துப் போடறாங்க? பெட்டி நசுங்கியிருக்கு, ஓரம் நனைஞ்சிருக்குன்னு ஒரு வார்த்தையாவது அதுல எழுதிட்டுப் போட்டா அவங்களுக்குப் பிடி இருக்கு. ஒண்ணும் எழுதாம போட்டா, எல்லாம் நல்லபடியா வந்து சேந்துதுன்னு அவங்களே சொன்ன மாதிரி. அப்புறம் உடைஞ்சிருக்குன்னு வந்தா, உங்க எடத்துல உடைஞ்சிருக்கும்னு நாம சொல்லலாம். கோர்ட்டும் சாதாரணமா நம்ம பக்கம்தான் பாக்கும்."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பக்கெட்டில் ஏசித் தண்ணீர் சொட்டுகிற சத்தம் ரொம்பப் பெரிதாகக் கேட்டது. இத்தனை வருஷமாக, "கையெழுத்தப் போட்டு விடுங்க, பாத்துக்கலாம்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! சமாதானம் செய்து வைப்பதாக நினைத்துக்கொண்டு அத்தனை பேர் கையையும் கட்டிப் போட்டிருக்கிறாள். அது தெரியாமல் இருந்தவரைக்கும் நன்றாகத் தூங்கினாள். இப்போது கம்பெனியே செலவு செய்து அவள் கண்ணைத் திறந்துவிட்டிருக்கிறது. அவளுக்கு வக்கீல் மேல் கோபம் வந்தது, டிரைவர் மேல் வந்தது, டயர் கடைக்காரர் மேல்கூட வந்தது.

கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில்கூட அவள் கை தூக்கியதில்லை.

"சார், பார்ட்டி பிரிச்சுப் பாக்கறேன்னுதான் சொன்னாங்க. நம்ம ஆளுதான், வேணாம், கையெழுத்துப் போடுங்கன்னு சொல்லிட்டாங்க. அப்போ?"

"நல்ல கேள்வி. அப்போ கதை வேற. ஆனா அப்படிச் சொன்னாங்கன்னு பார்ட்டிதான் நிரூபிக்கணும். போன்ல சொன்னது காத்தோட போச்சு. நம்ம ஆளு அதை எழுத்துல ஒரு வரி குடுத்துட்டாங்கன்னு வெச்சுக்கங்க, முடிஞ்சுது, பார்ட்டி ஜெயிச்ச மாதிரிதான். அதனாலதான் சொல்றேன், யாருக்கும் எழுத்துல எதுவும் குடுத்துடாதீங்க."

ஹாலில் எல்லாரும் அதை எழுதிக்கொண்டார்கள்.

அக்கா வெளியே வந்து அந்த அம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். உள்ளேயிருந்து பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள்.

வக்கீல் இந்தத் தடவை அழுகிற பார்ட்டியாக நடித்தார். உடைந்த தொட்டில், கைக்குழந்தை, ஊரில் இல்லாத புருஷன் என்று அடுக்கினார். அக்காவின் புத்தி ஆணி அடித்த மரப்பெட்டிக்குள் கிடந்தது. சாவி கொடுத்த பொம்மை மாதிரி, "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, பரிசீலித்துப் பதில் அளிக்கப்படும்" என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. முகத்தில் ஈயாடவில்லை.

வக்கீல் எழுந்து நின்று கை தட்டினார். "இதுதான் வேணும்! இப்படித்தான் இருக்கணும்! நேத்து இருந்த அம்மாவான்னு எனக்கே சந்தேகமா இருக்கு!"

கொக்கியும் பாஸ். அவர் பரீட்சையில் ஒன்றுமே பேசவில்லையாம். பேசாமல் இருப்பதுதான் சட்டப்படி உத்தமம் என்று முழு மார்க் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அக்கா மேசையில் பையை வைப்பதற்குள் போன் அடித்தது. மேனேஜர் பக்கத்தில் வந்து நின்று, ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

"பேக்கரியிலேர்ந்து பேசறேன்மா. பெட்டியை இப்பத்தான் பிரிச்சாங்க. கதவுக் கண்ணாடி சுக்குநூறாக் கெடக்குது. கீல் வளைஞ்சிருக்கு. இந்தக் கதவு இல்லாம சூடே நிக்காதுன்னு மெக்கானிக் சொல்றாரு. கடை திறக்கறதுக்கு ஆளுங்களயெல்லாம் கூப்பிட்டாச்சு. நான் என்னம்மா பண்ணுவேன்?"

அக்காவின் வாய்க்குள் அந்தச் சொல் எழுந்து வந்து பல்லில் முட்டியது. மேனேஜர் இடுப்பில் கை வைத்தபடி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக, யார்டின் கோடியில், தகர ரூம் வெயிலில் மின்னியது.

"உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது."

"என்னது?"

"பரிசீலித்துப் பதில் அளிக்கப்படும்."

"நீங்கதானே பேசறீங்க? நேத்து பேசின அதே அம்மாதானே? ஏதாவது ஒண்ணுன்னா நான் இல்லையான்னு கேட்டீங்களே? எங்கம்மா இருக்கீங்க நீங்க?"

"உங்கள் புகார்..."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. திட்டியிருந்தால்கூட அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டாமல் வைத்துவிட்டாள்.

மேனேஜர் முகம் பூவாக மலர்ந்தது. "பிரமாதம்! போன் இனிமே உங்களுதுதான். டெலிவரி சீட்டு சுத்தமா இருக்கு, ஒரு வார்த்தை எழுதாம கையெழுத்துப் போட்டிருக்காங்க. க்ளெய்ம் கிடையாதுன்னு பதில் அனுப்பிடுங்க."

"சார், அவங்க பிரிச்சுப் பாக்கறேன்னுதான் சொன்னாங்க. நான்தான் விடல."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

"நானே சொல்றேனே சார்!"

"நீங்க சொல்ல மாட்டீங்க" என்றார் மேனேஜர் சிரித்துக்கொண்டே. "நீங்கதான் சட்டம் படிச்சவங்களாச்சே!"

அன்றைக்கு மத்தியானம் அக்கா கொக்கியைப் பிடித்துக்கொண்டாள். கொக்கி பல் குத்திக்கொண்டே, "எல்லாக் கம்பெனியிலயும் நடக்கறதுதான் அக்கா. நீங்க என்ன, கண்ணாடிய சுத்தியல் எடுத்து உடைச்சீங்களா? ரோடு உடைச்சுது" என்றார்.

"ரோடு உடைச்சுது சரி. பாக்க விடாம அந்தம்மா கையப் பிடிச்சது யாரு?"

"அதெல்லாம் மனசுக்குள்ள வெச்சுக்கங்க. மனசுல இருக்கறத கோர்ட்டு கேக்காது."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் கொட்டினாள். அவர் ஒரு சீட்டு உறையை மடியில் போட்டு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுத் தொலைய வேண்டியதுதானே?"

"கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்க."

"தப்பு உன்னோடதுதானே?"

"ஆமா."

"அப்புறம் ஒத்துக்கறதுல என்ன கேடு?"

"உங்களுக்கு சட்டம் தெரியாது. சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தாள். பிறகு பாத்திரம் தேய்க்கப் போனாள். பாத்திரம் என்ன பாவம் செய்ததோ, அத்தனை அடி வாங்கியது. தேய்த்துக்கொண்டே யோசித்தாள். ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்டாலும் அந்த அம்மாவுக்குக் கதவு வராது. இத்தனை வருஷமாக அவள் கேட்ட மன்னிப்பில் யாருக்கு என்ன வந்தது? திட்டு நின்றது, அவ்வளவுதான். மெத்தைக்காரருக்கு மட்டும்தான் ஏதோ கிடைத்தது. அதுவும் அவர் ரெக்கார்டு செய்ததால். அந்த அம்மாவுக்குத் தேவை எழுத்தில் ஒரு வரி. வக்கீலே சொல்லிக் கொடுத்த வரி.

மறுநாள் கம்பெனி பேர் அச்சடித்த தாளை எடுத்து, மேனேஜர் அனுப்பச் சொன்ன பதிலை எழுதினாள். கடைசியில் மட்டும் சொந்தமாகக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள்:

'சரக்கைப் பிரித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவேன் என்று நீங்கள் சொன்னீர்கள். பார்க்காமலே போடச் சொன்னது நான்.'

பழக்கதோஷத்தில் பேனா அடுத்த வரியில் 'ம' போட்டுவிட்டது. அதை அடித்தாள். இது சமாதானம் செய்கிற கடிதம் இல்லை. உருகினால் சாட்சி நீர்த்துப் போகும் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையை ஓங்கிக் குத்தி, பேக்கரிக்கு அனுப்பினாள்.

பேக்கரி அம்மாவின் கொழுந்தனுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தார். அவர் அந்தத் தாளின் நகலோடு ஒரு நோட்டீஸ் விட்டார். கம்பெனி தன் வக்கீலிடம் ஓடியது. மாடியில் வகுப்பு எடுத்த அதே மனுஷன்தான். படித்துவிட்டு, "குடுத்துட்டு வாய மூடிக்கங்க" என்று சொல்லிவிட்டாராம். புதுக் கதவு கம்பெனிச் செலவில், கம்பெனி லாரியிலேயே போய்ச் சேர்ந்தது. இறக்கும்போது அந்த அம்மா பெட்டியைப் பிரித்து, டார்ச் அடித்துப் பார்த்து, கீலைத் திருகிப் பார்த்து, பிறகுதான் கையெழுத்துப் போட்டாளாம். அதே டிரைவர். ஹாரன் சத்தத்தில் காது போய்விட்டது என்று புலம்பினான்.

மேனேஜர் கடிதத்தின் நகலை அக்காவின் மேசையில் போட்டார். "எங்க காசுல படிச்சு எங்க தலையிலயே கல்லத் தூக்கிப் போட்டுட்டீங்களே!" என்று மட்டும் சொன்னார். அக்கா அதைப் பதிவு செய்துகொண்டாள்.

எடை மேடைக்குப் போனாள். லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பழைய போன்காரர் போனுக்குத் திரும்பினார். போகிற வழியில் அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அவள் போனுக்கு மாறி வந்ததிலிருந்து அவர் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

தகர ரூமில் லாரி ஏறியது, எண் எரிந்தது, லாரி இறங்கியது. ஃபேன் உண்மையிலேயே இல்லை. அந்த அம்மா ஒரு போன் பண்ணுவாள் என்று அக்கா உள்ளுக்குள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய நன்றியெல்லாம் வேண்டாம், 'கதவு வந்துதும்மா' என்று ஒரு வார்த்தை.

வார்த்தை வந்தது. மேனேஜர் அதைத் தானே எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார். அத்தனை தூரம் அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை.

"உங்க பேக்கரி அம்மா எழுதியிருக்காங்க, கேளுங்க" என்று படித்தார். "கதவு வந்து சேர்ந்தது. ஆனால் உங்கள் அலுவலகத்தில் போன் பேசும் பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் கடையே நின்றுபோகும் நிலையில் கதறினேன். எந்திரம் மாதிரிப் பேசினார். எழுதிய கடிதத்தில்கூட மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. இவ்வளவு கல் நெஞ்சம் இருப்பவரைத் தயவுசெய்து பொதுமக்களிடம் பேச விடாதீர்கள்."

மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "விடல, பாருங்க" என்றார் மேனேஜர். வந்த வழியே நடந்தார். நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

அக்கா அந்த அம்மாவின் எண்ணை மனப்பாடமாக அடித்தாள். "ஹலோ, அம்மா, நான்தான்..." என்றதும் அந்தப் பக்கம் பட்டென்று வைத்துவிட்டார்கள். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

ஒரு லீவு நாளில் பஸ்ஸை மாற்றிப் பிடித்து அந்தத் தெருவில் போய் இறங்கினாள். கடை சின்னதுதான். வாசலில் புதுப் பெயின்ட். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் தலையில் வலை கட்டிக்கொண்டு ஒருத்தி நின்றாள். முகத்தை இப்போதுதான் அக்கா பார்க்கிறாள். நினைத்ததைவிட வயது குறைவு. பின்னால் ஓவன் நெருப்பு மஞ்சளாகத் தெரிந்தது. கதவுக் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"என்ன வேணும்மா?"

நேரில் பார்த்து ஒரே ஒரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாள். வாயைத் திறக்கப் போனாள். திறந்தால் குரல் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த முகம் என்ன ஆகும் என்று யோசித்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வரிசையில் பின்னால் வேறு ஆட்கள் நின்றார்கள். அக்கா ஒரு ரொட்டியை விரலால் காட்டினாள்.

"இதுவா? ஒண்ணு போதுமா?"

தலையாட்டினாள். இவளால் பேச முடியாது என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். முகம் ஒரேயடியாக இளகிவிட்டது. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி, கூடவே சின்ன பன் ஒன்றையும் உள்ளே போட்டு, "இது என் கணக்குல. பாத்துப் போங்கம்மா" என்று, உதடு தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். அக்கா அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஊமையாகவே கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள், சத்தமாகவே. எடை மேடைப் பழக்கம் அதற்குள் தொற்றிவிட்டது.

வீட்டில் வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். ரொட்டியைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் கரேலென்று தீய்ந்திருந்தது.

"ஏம்மா, இந்த ரொட்டிக்காகவா போன் வேலையத் தொலைச்ச?"

அக்கா தட்டை எடுத்து வைத்தாள்.

"போய் மாத்திக்கிட்டு வரலாம்ல?"

"முடியாது."

அவர் கருகலைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே, "வாங்கும்போதே பிரிச்சுப் பாத்து வாங்கியிருக்கணும்" என்றார்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில், அவர் மீதி ரொட்டியைக் கருகலோடேயே தின்று முடித்தார்.